49 தலைமுறையும் ஒரு மறுப்பும்

பெங்களூரில் தமிழர் இருவர் புதிதாகச் சந்தித்தால் முதற்கேள்வி, "எந்த ஊருங்க?" என்பது. அடுத்தது, சற்றே தயங்கி, "நீங்க என்ன ஆளுங்க?" ஊரை விட்டு வந்தும் குடியை விடாத இக்கேள்வியை மனத்திற்கொண்டு புறநானூற்றின் 201, 202ஆம் பாடல்களைப் பார்ப்போம்.

மூவேந்தரால் பாரி மாண்டபின், அவன் மகளிரைக் கபிலர் இருங்கோவேளிடம் அழைத்துச் செல்கிறார். வடதிசை முனிவர் ஒருவரின் குண்டத்தில் தோன்றி, துவரையை ஆண்டு, 49 தலைமுறையாக வந்த வேளிர் மரபினன் என்று அவனைப் போற்றி, இவர்களை ஏற்றுக்கொள் என்கிறார். 'புலிகடிமால்' என்னும் பெயரைக் கொண்டு, புலியைக் கொன்ற சளன் கதையுடைய கன்னட நாட்டுப் போசளரோடு இவனைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. போசளர் எழுச்சியோ பல நூற்றாண்டு பிந்தியது. பெயரொற்றுமை மட்டும் வரலாறு ஆகிவிடாது.

நமக்கு வேண்டியது அடுத்த பாட்டு. வேள் மறுத்துவிட்டான்! 49 தலைமுறைப் பெருமை, தந்தையை இழந்த இரு பெண்களுக்குக் கதவு திறக்கவில்லை. உடனே கபிலர், அவன் முன்னோருள் ஒருவன் கழாத்தலையாரை இகழ்ந்ததால் அரையம் என்னும் ஊர் அழிந்ததைச் சொல்லிக்காட்டுகிறார். முதற்பாட்டில் புகழான முன்னோர், மறுபாட்டில் குற்றச்சாட்டாகத் திரும்புகின்றனர். குலப்பெருமை பேசுவோர் வரவை மட்டும் எழுதுவார்கள். கபிலர் செலவையும் எழுதிவிட்டார்.

கபிலர் குலத்தையே மறுத்தவர் என்று சொல்லிவிட முடியாது. பாரி மகளிர்க்குத் தலைவர் மனைகளைத்தானே தேடினார்? பிறப்பு ஓர் உரிமையன்று, கடமை என்பதே அவர் வாதம். குடிமை அதிகாரத்தில் (952) ஒழுக்கம், வாய்மை, நாணம் ஆகியவற்றையே நற்குடியின் அடையாளமாக்கும் வள்ளுவர், பிறப்பால் உயிரெல்லாம் ஒன்றே என்று 972இல் கூறுவதும் முரணன்று.

நம் காலத்திலும் சான்று உண்டு. ஆண்டுக்கு 26 இலட்சம் ரூபாய் பெற்ற மைசூர் மன்னர் குடும்பம் உள்ளிட்ட அரச குடும்பங்களின் மானியத்தை 1971இல் 26ஆவது சட்டத்திருத்தம் நிறுத்தியது. ஆயினும், மைசூர் மன்னராயிருந்த ஜெயசாமராஜ உடையார் 1964இல் சென்னை மாநில ஆளுநராக வந்தது பிறப்புரிமையாலன்று, நியமனத்தால்.

மன்னர்க்கே மானியம் போயிற்று. நாம் மட்டும் அந்த இரண்டாம் கேள்வியை ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? புலம்பெயர்ந்து வந்தவரின் கதவைத் தட்டுபவர் யாரென்று கேட்குமுன், திறப்பதுதானே குடிப்பிறப்பு!