மீட்பின் விலை யாருக்கு?

கிறிஸ்து மெய்யான கடவுளும் மெய்யான மனிதருமானவர் என்பதைச் சொல்லுக்குச் சொல் வரையறுத்த திருச்சபையின் பொதுச்சங்கங்கள், அவருடைய சிலுவை மரணம் பாவத்தை எவ்வாறு போக்குகிறது என்பதற்கு ஒரே விளக்கத்தை விதிக்கவில்லை. ஆகவே பாவநிவிர்த்தியை, அதாவது பாவத்தால் பிரிந்த மனிதர் கடவுளோடு ஒப்புரவாவதை, விளக்கும் மரபுகள் பலவாயின. அவை நாடும் மூலங்களுள் ஒன்று லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரம். அங்கே பிரதான ஆசாரியன் ஒரு வெள்ளாட்டுக்கடாவைக் கொன்று அதன் இரத்தத்தை உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் தெளிக்கிறான்; மற்றொன்றின் தலைமேல் இரு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, அதை உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். பாவம் சுமந்த கடா கொல்லப்படவில்லை என்பது பின்வந்த விளக்கங்களில் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

தொடக்க நூற்றாண்டுகளில் ஓங்கியிருந்தது மீட்புப்பொருள் கோட்பாடு. மனிதரைச் சிறைபிடித்த சாத்தானுக்குக் கிறிஸ்து விலையாகக் கொடுக்கப்பட்டார் என்றும், மானிடம் என்னும் இரைக்குள் இருந்த தெய்வீகம் என்னும் தூண்டில்முள்ளை அவன் விழுங்கிவிட்டான் என்றும் 4ஆம் நூற்றாண்டில் நீசா நகரத்துக் கிரகோரியார் எழுதினார். அவருடைய நண்பரான நசியான்சு நகரத்துக் கிரகோரியாரோ தம் பாஸ்கா உரையொன்றில், அவ்விலை யாருக்குச் செலுத்தப்பட்டது என்று கேட்டார்: கள்வனான சாத்தானுக்கு என்றால் அது அவமானம், பிதாவுக்கு என்றால், நம்மைச் சிறைவைத்தவர் அவரல்லவே! எல்லாக் கோட்பாடுகளையும் உரைத்துப் பார்க்கத் தக்க உரைகல் இக்கேள்வியே.

1098இல் நிறைவுற்ற ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்னும் நூலில், மாணவர் போசோவோடு உரையாடும் முறையில், காண்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் சாத்தானின் உரிமையை அடியோடு மறுத்தார். பாவம் கடவுளுக்குரிய மாண்பைப் பறிப்பதால், ஒன்று ஈடு செய்யப்பட வேண்டும், அன்றேல் தண்டனை நிகழ வேண்டும். மனிதர் செலுத்த வேண்டிய, கடவுளால் மட்டுமே செலுத்தக்கூடிய அந்த ஈட்டைக் கடவுள்மனிதரே தர இயலும் என்றார். இதில் ஈடு என்பது தண்டனைக்கு மாற்று. 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபைத் தலைவர் கால்வின், அத்தண்டனையையே கிறிஸ்து பதிலாளாக ஏற்றார் என்றபோது வாதம் வேறாகிவிட்டது. இரண்டையும் ஒன்றெனப் போதிப்பது ஆன்செல்முக்குச் செய்யும் அநீதி.

குற்றமற்றவரின் குருதியை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா என்று 12ஆம் நூற்றாண்டிலேயே கேட்ட இறையியலாளர் அபெலார், சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனிதரின் உள்ளத்தில் அன்பை மூட்டுவதையே மீட்பாகக் கண்டார். நெஞ்சைத் தொடும் இவ்விளக்கத்தில், ஏற்கெனவே இழைக்கப்பட்ட தீங்கு என்னவாகிறது என்பதற்கு நிறைவான விடை இல்லை. 1930இல் சுவீடன் நாட்டு இறையியலாளர் குஸ்தாவ் அவுலேன், சிலுவையைப் பாவத்தின்மீதும் மரணத்தின்மீதும் கடவுளே அடைந்த வெற்றியாகக் காட்டித் தொடக்க நூற்றாண்டுகளின் மரபை மீட்டெடுத்தார். அவ்வெற்றியில் ஒப்புரவாக்குபவரும் ஒப்புரவாகிறவரும் கடவுளே ஆதலால், பிதாவைக் குமாரனுக்கு எதிராக நிறுத்தும் தேவை அங்கே எழவில்லை.