இசைமாற்றமும் விலைபோதலும்

முன்னுரை

கலைஞன் தன் நெறியை மாற்றிக்கொள்ளுமிடத்து, நேற்றுவரை அவனைப் போற்றியோரே இன்று தூற்றுதலைக் கலைவரலாறு பலகாலும் காட்டுகின்றது. அத்தூற்றுரைகளுள் மிகக் கடியது, ‘அவன் விலைபோயினான்’ என்பதாகும். ‘பாட்டு நன்றாக இல்லை’ என்பது பாட்டைப் பற்றிய முடிபு. ‘விலைபோயினான்’ என்பதோ பாடினவன் உள்ளத்தைப் பற்றிய முடிபு. முன்னதற்குச் செவியே சான்று. பின்னதற்குச் சான்று யாது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

மேலைநாட்டு ராக் இசையில் இவ்வழக்கு அடிக்கடி எழுவது. 1965 ஆம் ஆண்டு ஜூலை 25 ஆம் நாள், அமெரிக்க நாட்டு நியூபோர்ட் நகரில் நடந்த நாட்டுப்புற இசை விழாவில், பாப் டிலன் மின்கிதாரும் குழுவினரும் துணையாக மேடையேறினார். கூட்டத்தில் ஒரு சாரார் கூச்சலிட்டு இகழ்ந்தனர். 1966 ஆம் ஆண்டு மே 17 ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர அரங்கில் ஒருவர் அவரை ‘யூதாஸ்’ என்றே கூவினார். முப்பது வெள்ளிக்காசுக்குத் தம் ஆசானைக் காட்டிக்கொடுத்தவன் பெயரை, ஒரு கருவி மாற்றத்திற்காக ஒருவர்க்குச் சூட்டினமையை நோக்குக. கருவி மாறியதும் காசு வாங்கியதும் ஒன்றே என அங்குக் கொள்ளப்பட்டன. இங்ஙனம் கொள்ளுதல் பொருந்துமா என்பதனை, மெட்டாலிக்கா என்னும் அமெரிக்க இசைக்குழுவின் வரலாறு கொண்டு ஆராய்வாம். இக்குழுவின்மேல் இக்குற்றச்சாட்டு ஒருமுறையன்றி, ஏறத்தாழ ஒவ்வொரு திருப்பத்திலும் சுமத்தப்பட்டது. ஆதலின் குற்றச்சாட்டின் இயல்பை ஒப்புநோக்கி அறிதற்கு இது நல்லதோர் இடமாகும்.

சொல்லும் பொருளும்

‘செல் அவுட்’ என்னும் ஆங்கிலத் தொடர்க்கு இரு பொருள் உண்டு. சரக்கு முழுவதும் விற்றுத் தீர்தல் ஒன்று. ஊதியம் கருதிக் கொள்கையைக் கைவிடுதல் மற்றொன்று. முதற்பொருளில் அஃது அரங்கு நிறைந்த கலைஞனுக்குப் பெருமை. இரண்டாம் பொருளில் இழிவு. வழக்கின் குழப்பம் இச்சொல்லிலேயே தொடங்குகின்றது. மிகுதியாக விற்றது என்னும் செய்தி, தன்னையே விற்றான் என்னும் பழியாக எளிதில் மாறிவிடுகின்றது.

தமிழில் ‘விலைபோதல்’ என்று கூறுமிடத்தும், நுனித்து நோக்கின், மூன்று கூறுகள் அடங்கியிருத்தல் புலப்படும். விற்பதற்குரிய ஒரு கொள்கை முன்னர் இருந்திருத்தல் வேண்டும். விலை கொடுப்பான் ஒருவன் இருத்தல் வேண்டும். அவ்விலை பெற்றதனாலேயே கொள்கை கைவிடப்பட்டிருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமையாதவிடத்து மாற்றம் உண்டு, விலைபோதல் இல்லை.

குழுவும் சுவைஞரும்

மெட்டாலிக்கா 1981 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தோன்றியது. டென்மார்க்கிற் பிறந்த லார்ஸ் உல்ரிக் டிரம் இசைத்தார். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு கிதார் இசைத்துப் பாடினார். ஹெவி மெட்டல் இசையினும் விரைவும் வன்மையும் மிக்க ‘திராஷ்’ என்னும் வகையை வளர்த்தோருள் இக்குழுவினர் முதன்மையானவர். 1982 இல் இவர்கள் பதிந்த மாதிரி ஒலிநாடா, கடைகளின் வழியன்றி, சுவைஞர் ஒருவர்க்கொருவர் படியெடுத்து அஞ்சலில் அனுப்பிய வழியே பரவியது. வானொலியும் பெருநிறுவனங்களும் புறக்கணித்த ஓர் இசையை, அதன் சுவைஞரே கைகொடுத்துத் தூக்கினர். 1983 இல் முதல் இசைத்தட்டு வெளிவருமுன்னரே இக்குழுவிற்கு ஒரு கூட்டம் அமைந்திருந்தமை இதனாலேயாம்.

இச்செய்தி நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. அச்சுவைஞர் வெறும் வாங்குவோர் அல்லர். தம் உழைப்பால் குழுவை வளர்த்தோர். ஆதலின், குழுவின் ஒலி தம்முடையதும் ஆகும் என்னும் எண்ணம் அவர்க்கு இயல்பாகவே எழுந்தது.

1984 முதல் 1991 வரை

முதற்பழி மிக விரைவில் வந்தது. 1984 ஆம் ஆண்டின் இரண்டாம் இசைத்தட்டில் ‘ஃபேட் டு பிளாக்’ என்னும் பாடல் இடம்பெற்றது. வாழ்வில் நம்பிக்கை இழந்தான் ஒருவனது துயரைக் கூறும் அப்பாடல், மின்விசை சேராக் கிதாரின் மெல்லொலியில் தொடங்கி மெதுவே வளர்வது. இதனைக் கேட்ட பழஞ்சுவைஞர் சிலர், குழு விலைபோயிற்று என்றனர். ஈண்டு இரண்டு உண்மைகள் கருதத்தக்கன. ஒன்று, அத்தட்டின் முதற்பாடலும் அத்தகைய மெல்லொலியிலேயே தொடங்குவது. ஆயின் உடனே கடுவிரைவிற்குப் பாய்வதாகலின் அதனை எவரும் பழித்திலர். மற்றொன்று, அத்தட்டு வெளிவந்தபொழுது குழு ஒரு சிறுநிறுவனத்தைச் சார்ந்திருந்தது. எலெக்ட்ரா என்னும் பெருநிறுவனம் அதன் பின்னரே ஒப்பந்தம் செய்தது. விலை கொடுப்பான் வருமுன்னரே ‘விற்றுவிட்டான்’ என்னும் பழி வந்துவிட்டது. எனவே, இம்முதற்பழி விலையைப் பற்றியதன்று. விரைவு குறைந்தமையைப் பற்றியதே எனத் துணியலாம்.

1986 இல் மூன்றாம் தட்டு வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 27 ஆம் நாள் சுவீடனில் நேர்ந்த பேருந்து விபத்தில், தாழ்சுருதிக் கிதார் இசைத்த கிளிஃப் பர்ட்டன் உயிரிழந்தார். 1988 இல் வந்த நான்காம் தட்டில் 9 பாடல்கள், ஏறத்தாழ 65 நிமிடம் இசைக்கும் அளவின. அடுக்கடுக்காகத் தாளம் மாறும் சிக்கலான அமைப்பு அதில் எல்லையைத் தொட்டது. அதுகாறும் தொலைக்காட்சிக்குரிய பாடற்படம் எடுக்க மறுத்துவந்த குழு, 1989 இல் ‘ஒன்’ என்னும் பாடலுக்கு முதன்முறையாக ஒரு படம் எடுத்தது. போரில் உறுப்பிழந்த வீரன் ஒருவனைப் பற்றிய நெடும்பாடல் அது. கொள்கையாகக் கூறப்பட்ட ஒன்று கைவிடப்பட்டது ஈண்டே என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், பாடலின் கடுமை சிறிதும் குறைந்திலது. கொள்கை மாறியது, கலை மாறவில்லை.

பெருந்திருப்பம் 1991 ஆகஸ்டு 12 இல் வந்தது. குழுவின் பெயரையே தாங்கி, கரிய உறையுடன் அத்தட்டு வெளிவந்தது. ஒலிப்பதிவை நெறிப்படுத்தியவர் பாப் ராக்; 1989 இல் மோட்லி குரூ என்னும் குழுவின் வெற்றித்தட்டை நெறிப்படுத்தியவர். திராஷ் சுவைஞர்க்கு அஃது எதிரணி. 12 பாடல்கள், ஏறத்தாழ 62 நிமிடம். ஒரு பாடலின் சராசரி நீளம் 7 நிமிடத்தினின்றும் 5 நிமிடமாகக் குறைந்தது. விரைவு தணிந்தது, ஒரு கிதார்த்தொடரையே நிலைக்களனாகக் கொண்டு பாடல் முழுவதும் கட்டப்பட்டது, குரல் இசைமை பெற்றது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்று, அந்நாட்டில் மட்டும் 1 கோடியே 60 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

பழிகூறுவோர்க்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ எனலாம். எனினும் இசையை நோக்குவாம். 1988 இன் தட்டு, சிக்கலை மேலும் சிக்கலாக்க இடமில்லாத எல்லையில் நின்றது. அதன் ஒலிப்பதிவில் தாழ்சுருதிக் கிதார் செவிக்கே எட்டாதவாறு அமைந்தது. 1991 இன் தட்டில் அடிநாதம் மீண்டும் எழுந்து ஒலியைத் தாங்குகின்றது. ‘சேட் பட் ட்ரூ’ என்னும் பாடல் மெதுவாகச் செல்வதாயினும், முந்திய விரைவுப் பாடல்கள் பலவற்றினும் கனமுடையது. விரிவினின்று சுருக்கத்திற்குச் செல்லுதல் கலையில் ஒரு குறையன்று; சுருங்கச் சொல்லல் ஓர் அழகெனக் கொண்ட மரபினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அதே வேளையில், பெருங்கூட்டத்தை எய்தும் விருப்பம் அக்குழுவிற்கு இல்லை எனக் கூறுதலும் பொய்யாகும். விருப்பம் இருந்தது, ஆனால் பாடல்கள் அவ்விருப்பத்தால் மட்டும் விளங்கிக்கொள்ளத் தக்கன அல்ல.

விற்பனை அளவுகோல் ஆகுமா?

விற்பனையே சான்று எனின், 1996 இல் வெளிவந்த ‘லோடு’ என்னும் தட்டு அவ்வளவுகோலை முறித்துவிடுகின்றது. குழுவினர் நீள்முடியைக் களைந்து புதுக்கோலத்தில் தோன்றினர்; புளூஸ், கண்ட்ரி ஆகிய இசைவகைகளின் சாயல் பாடல்களில் புகுந்தது. பழி முன்னையினும் ஓங்கியது. ஆயினும் அத்தட்டு 1991 இன் விற்பனையை அணுகவும் இல்லை. விற்பனையே நோக்கமாயின், வென்ற முறையையே மீண்டும் கையாண்டிருத்தல் எளிது. அன்றியும், 14 பாடல்களும் ஏறத்தாழ 79 நிமிடமும் கொண்டு குறுந்தகட்டின் கொள்ளளவை முற்றும் நிரப்பி, இறுதிப்பாடலைச் சிறிது வெட்டவேண்டிய நிலையும் நேர்ந்தது. சந்தைக்கெனச் சமைத்ததன் இயல்பு இதுவன்று.

விற்பனை மிகுதி பழிக்குச் சான்றாகாமையை, பிரிட்டனின் ரேடியோஹெட் குழுவும் காட்டும். 2000 அக்டோபரில் அக்குழு ‘கிட் ஏ’ என்னும் தட்டை வெளியிட்டது. கிதாரைப் பெரிதும் ஒதுக்கி மின்னணு ஒலிகளை நாடியது; தனிப்பாடல் வெளியீடும் செய்யாது விடுத்தது. அதுவும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. சந்தையின் வழக்கத்திற்கு மாறாக நடந்தும் விற்றலுண்டு என்பது இதனாற் பெறப்படும்.

மறுதலையாக, மெட்டாலிக்கா 2011 இல் லூ ரீடு என்னும் பாடகருடன் இணைந்து ‘லூலூ’ என்னும் தட்டை வெளியிட்டது. செர்மானிய நாடகாசிரியர் வேடெகிண்டின் நாடகங்களைத் தழுவிய அம்முயற்சியைச் சுவைஞருட் பெரும்பாலோர் வெறுத்தனர். அது விற்கவும் இல்லை. இதனை விலைபோதல் என ஒருவராலும் கூறவியலாது. ஆயின் வெறுப்பின் அளவு 1996 இல் இருந்ததினும் குறைந்ததன்று. விலையுள்ளவிடத்தும் இல்லாதவிடத்தும் வெறுப்பு ஒன்றாகவே எழுமாயின், வெறுப்பின் காரணம் விலையன்று, மாற்றமே.

மாறாமையும் விலைபோதலும்

இனி, எவரும் எளிதில் எண்ணாத ஒரு பக்கம் உண்டு. 2003 இல் வந்த தட்டில் தனிக்கிதார் ஆலாபனை அறவே நீக்கப்பட்டது. டிரம் ஒலி தகரம் தட்டுவது போன்றிருந்தது. அதன்பின், பாப் ராக்கை விலக்குமாறு சுவைஞர் பலர் கையொப்பமிட்டு விண்ணப்பமும் செய்தனர். 2008 இல் ரிக் ரூபின் நெறிப்படுத்திய தட்டில் நீண்ட பாடல்களும் விரைவும் ஆலாபனையும் மீண்டன. பழஞ்சுவைஞர் மகிழ்ந்தனர், ‘திரும்பி வந்தனர்’ என்றனர்.

ஈண்டு நாம் வினவுதல் வேண்டும்: வாங்குவோர் எதனை விரும்பினரோ அதனையே செய்து கொடுத்தல் விலைபோதலின் இலக்கணம் எனின், 1996 இன் தட்டிற்கு அது பொருந்துமா? 2008 இன் தட்டிற்குப் பொருந்துமா? 2008 இன் தட்டிற் சிறந்த பாடல்கள் உள. அவற்றை நாம் பழிக்க முற்படவில்லை. ஆயின், மாறாதிருத்தலும் ஒரு சரக்காகலாம் என்பதை மறத்தலாகாது. 1991 இல் பெரிதும் விரும்பப்பட்ட ‘தி அன்ஃபர்கிவன்’ என்னும் பாடலின் பெயரிலேயே 1997 இல் இரண்டாவதும் 2008 இல் மூன்றாவதும் தோன்றின. இரண்டாம் பாடல், முதற்பாடலின் தொடக்க ஒலியையே நினைவூட்டித் தொடங்குகின்றது. கேட்டோர் நினைவில் உள்ள அன்பைப் புதிய பாடலுக்கு முதலாக்கும் முயற்சி அது. இவ்வரலாற்றில் விலைபோதல் என்னும் ஐயத்திற்கு மிகவும் இடந்தருவது எது என நம்மை வினவின், மாறிய பாடல்களை அன்று, மாறாது மீண்ட இப்பாடலையே சுட்டுவோம்.

சுவைஞர் வழக்கின் உண்மை

அங்ஙனமாயின் சுவைஞர் கூற்று வெறும் பிதற்றலோ எனின், அன்று. அவர்தம் சொல்லில் ஓர் உண்மை உண்டு. அஃது அவர் கூறும் உண்மையன்று. ஒலிநாடாவைப் படியெடுத்து அஞ்சலில் அனுப்பிய இளைஞனுக்கு அவ்விசை ஓர் உறவாக இருந்தது. பலரும் அறியாததை அறிந்த சிலருள் தானும் ஒருவன் என்னும் உறவு அது. 1991 க்குப் பின் அவ்விசை எல்லார்க்கும் உரியதாயிற்று. அவன் இழந்தது மெய். அவ்விழப்பிற்கு ஒரு குற்றவாளி இருத்தல் வேண்டும் எனக் கருதியதே பிழை. இழப்பைக் குற்றமாக மொழிபெயர்த்தபொழுது பிறந்த சொல்லே விலைபோதல்.

ஆதலின் சுவைஞர் சொல்லைச் சான்றாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஒலியில் எது மாறியது என்பதை அவர்போல் நுட்பமாக உணர்ந்தோர் பிறர் இலர். ஏன் மாறியது என்பதைக் கூறுமிடத்தோ, அவர்தம் துயரே பேசுகின்றது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றான், இசை மாறியமை ஒன்றே விலைபோதலுக்குச் சான்றாகாது என்பதும், விற்பனை மிகுதியும் அங்ஙனமே ஆகாது என்பதும், மாறாதிருத்தலும் சில வேளை விலையின் பொருட்டாகலாம் என்பதும் பெறப்பட்டன. எனின் திறனாய்வாளன் நோக்கத்தக்கது யாது? அம்மாற்றத்தால் பாடல் எதனைப் பெற்றது, எதனை இழந்தது என்பதே. பெற்றது இசையினுள் இருப்பின் அது வளர்ச்சி. பெற்றது இசைக்குப் புறத்தே மட்டும் இருப்பின், அன்றே ஐயுறுதல் தகும்.

தொல்காப்பியர் எண்வகை வனப்பினுள் பழமை பற்றிய தொன்மையையும் புதுமை பற்றிய விருந்தையும் ஒருங்கே வைத்தார். ஒன்றை வனப்பென்றும் மற்றொன்றை வழுவென்றும் பிரித்திலர். நம் காலத்துப் புலவரோ இசைவாணரோ நடை மாறுமிடத்து, உள்ளத்தை ஐயுறுமுன் படைப்பைச் செவிமடுத்தல் நம் கடனாகும்.