சுத்தமான குஞ்சு மட்டும் போதுமா?

செஞ்சியை அடுத்த சிங்கவரம் போன்ற உள்நாட்டு ஊர்களில் மீன் வளர்ப்பு என்றால் ஏரியிலோ பண்ணைக்குட்டையிலோ கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுவதுதான். அதே விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் மரக்காணம். அங்கே உப்பளங்களோடு இறால் குளங்களும் உண்டு. நோய்த் தடுப்பில் இந்த இரண்டு தொழிலுக்கும் ஒரே கணக்கு செல்லாது. கட்லாவின் உடல் ஒரு கிருமியைச் சந்தித்தால் அதற்கென்றே எதிர்ப்புப் புரதம் உண்டாக்கி, அந்தச் சந்திப்பை நினைவிலும் வைத்துக்கொள்ளும். ஆகவே மீனுக்குத் தடுப்பூசி பலிக்கும். நார்வேயின் சால்மன் பண்ணைகள் 1980களின் பிற்பகுதியிலிருந்து தடுப்பூசிக்கு மாறியதால், அங்கே ஆன்டிபயாட்டிக் பயன்பாடு 99 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் கொடுவா மீனைத் தாக்கும் நோடா வைரஸுக்குத் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது.

இறாலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எதிர்ப்புப் புரதம் அதன் உடலில் உண்டாவதே கிடையாது. கிருமி எதுவானாலும் இறாலின் இரத்த அணுக்கள் பொதுவாகவே எதிர்த்து நிற்கும். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான் தீவனத்தில் கலந்தால் அந்த அணுக்கள் சில காலம் சுறுசுறுப்பாகும். நல்ல பாக்டீரியாக்கள் குளத்து அடிமண்ணையும் நீரையும் சீராக்கும். இவை உதவி செய்யும்; தடுப்பூசிக்கு ஈடாக மாட்டா. எனவே இறாலைக் காக்கும் பெரிய வழி, கிருமியை உள்ளே விடாமல் தடுப்பதுதான்.

இந்தியா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1994இல் வெள்ளைப்புள்ளி வைரஸ் வரி இறால் குளங்களில் புகுந்தது. நோய் வெளிப்பட்டால் மூன்று முதல் பத்து நாளுக்குள் குளமே காலியாகிவிடும். அப்போது தாய் இறாலைக் கடலிலிருந்து பிடித்து வந்தார்கள். வைரஸும் அதோடு குஞ்சு உற்பத்தி செய்யும் ஹேச்சரிக்குள் வந்தது. 2009இல் அரசு வனாமி என்ற வெளிநாட்டு இறாலை அனுமதித்தபோது இந்த வாசலை அடைத்தது. குறிப்பிட்ட கிருமிகள் இல்லை என்று சான்று பெற்ற தாய் இறால் மட்டுமே இறக்குமதியாக வேண்டும். சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் பரிசோதனை முடிந்த பிறகே ஹேச்சரிக்குப் போக வேண்டும். இந்தியாவை உலகின் முன்னணி இறால் ஏற்றுமதி நாடாக்கியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமல்ல.

ஆனால் சான்றிதழ் சொல்வது ஒன்று, விவசாயி நம்புவது வேறொன்று. பட்டியலிட்ட கிருமிகள் இந்த இறாலிடம் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். அந்தக் கிருமிகள் வந்தால் தாங்கும் என்று எந்தச் சான்றும் சொல்லவில்லை. நீலாங்கரையில் சுத்தமாக இருந்த தாய் இறாலுக்கு, முட்டை நன்றாக வைக்க வேண்டும் என்பதற்காக ஹேச்சரியில் உயிருள்ள கடற்புழுக்களைத் தீனியாகக் கொடுப்பதுண்டு. இயற்கை நீர்நிலைகளில் பிடித்த புழுக்கள் வெள்ளைப்புள்ளி வைரஸையும் இ.எச்.பி. என்ற நுண்ணுயிரியையும் சுமந்து வரக்கூடும். பல கோடி செலவில் காத்த சுத்தம் ஒரு வேளைத் தீனியில் கெட்டுப்போகிறது.

2009இல் தாய்லாந்து இறாலில் விவரிக்கப்பட்ட இந்த இ.எச்.பி. இறாலைச் சட்டென்று கொல்லாது, வளரவிடாது. தீவனம் இறங்கிக்கொண்டே இருக்கும், எடை ஏறாது. ஒரே குளத்தில் பெரிதும் சிறிதுமாக இறால் கலந்து கிடக்கும். அதன் வித்துகள் அடிமண்ணில் பிழைத்துக் கிடப்பதால், குளத்தைக் காயவைத்து உழுது, ஹெக்டேருக்கு ஆறு டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு, மண்ணின் காரத்தன்மையை pH 12 வரை ஏற்றச் சொல்கிறார்கள் ஆய்வாளர்கள். அடுத்த பட்டத்துக்கு அவசரப்படும் விவசாயி முதலில் கைவிடுவது இந்த வேலையைத்தான்.

இன்னொரு குறை, ஒட்டுமொத்தத் தொழிலும் வெளிநாட்டுத் தாய் இறாலை நம்பி நிற்பது. ஈக்வடார் வேறு வழியில் போனது. 1999இல் வெள்ளைப்புள்ளியால் நொடித்துப்போன அந்நாட்டில், நோய் கண்ட குளங்களில் பிழைத்த இறால்களையே தாயாக்கித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய குளங்களில் குறைந்த அடர்த்தியில் வளர்த்தார்கள். இன்று ஏற்றுமதியில் இந்தியாவை முந்திவிட்டார்கள். நோய்ச் சுமையோடு வாழும் அந்த முறையை இங்கே அப்படியே நட முடியாது. ஆனாலும் நம் கடலின் வெள்ளை இறாலை மரபு மேம்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு 2023இல் சென்னையில் தொடங்கிய திட்டம் எவ்வளவு காலம் கடந்து வந்தது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை பொதுக் கால்வாய். ஒரு குளத்தில் நோய் கண்டதும் அவசரமாக அறுவடை செய்து, குளோரின் போடாமல் தண்ணீரைத் திறந்துவிட்டால், அடுத்த பண்ணையின் மோட்டார் அதையே உறிஞ்சுகிறது. நண்டு வேலி, பறவை வலை, நீர்த்தேக்கக் குளம் என்று கடலோர மீன்வளர்ப்பு ஆணையம் சொல்பவற்றை ஒருவர் மட்டும் கடைப்பிடித்துப் பயனில்லை. ஆந்திரத்தின் மொகல்தூரில் 2002இல் சிறு விவசாயிகள் சிலர் குழுவாகச் சேர்ந்து, பரிசோதித்த குஞ்சை ஒன்றாக வாங்கி, ஒரே காலத்தில் விட்டு வளர்த்தார்கள். அந்த வெற்றியிலிருந்து வளர்ந்ததுதான் 2007இல் அமைந்த நிலையான மீன்வளர்ப்புக்கான தேசிய மையம்.

சான்று பெற்ற குஞ்சு இன்றியமையாதது, ஆனால் நோய்த் தடுப்பில் அது பாதி வேலைதான். மரக்காணத்தில் ஒரே கால்வாயை நம்பியிருக்கும் பண்ணையாளர்கள் எதிர்ப்புச் சக்திப் பொட்டலங்களுக்குச் செலவிடும் முன், சுண்ணாம்புக்கும் குஞ்சுப் பரிசோதனைக்கும் பணம் ஒதுக்கட்டும். குஞ்சு விடும் நாளையும் தண்ணீர் திறக்கும் நாளையும் கூடிப் பேசி முடிவு செய்யட்டும்.