அன்றைக்கு என்ன காற்று?

பெரம்பலூரில் அண்மையில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலைப் பற்றி ஒரு பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். தயாரித்துக்கொண்டு வந்த நல்ல பேச்சு. அரிஸ்டாட்டிலின் அவலக் கோட்பாடு, பிளேட்டோவின் நிழலும் நிஜமும், ஸ்டாயிக்குகளின் மன உறுதி எல்லாம் வந்தன. நடுக்கடலில் தத்தளிக்கும் கோத்ரா, சூசை, சிலுவை மூவரையும் கிரேக்க நாடகத்தின் நாயகர்களாக அவர் நிறுத்திக் காட்டினார். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிப்பவள். “அன்னிக்கு என்ன காத்துங்க ஐயா?” என்று கேட்டாள். தத்துவ வாசிப்புக்கு அந்த விவரம் தேவைப்படாதம்மா என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

எனக்கு வழக்கு அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் வாசிப்புமுறையோடுதான். இருபது ஆண்டுகளாக இந்த வழக்கை மனத்துக்குள் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாசிப்புமுறையால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். 2004இல் தமிழினி வெளியிட்டபோது இந்த நாவலை ‘வட்டார நாவல்’, ‘பரதவர் வாழ்க்கை’ என்று எழுதி ஓர் அலமாரியில் வைத்துவிடப் பலரும் தயாராக இருந்தார்கள். நாவலின் ஊரான ஆமந்துறையின் மனிதர்களைச் சோஃபக்ளீஸின் மனிதர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும்போது அந்த அலமாரி உடைகிறது. 2013இல் ‘கொற்கை’க்குச் சாகித்திய அகாதெமி விருது வந்த பிறகு கல்லூரிக் கருத்தரங்குகளில் இத்தகைய ஒப்பீடுகள் பெருகியதும் நல்லதுக்குத்தான். மாணவர்கள் தடித்த நாவல் ஒன்றை எடுத்துப் படிக்கிறார்களே.

ஆனால் அளவுகோலை எடுத்தவர் அதை நேர்மையாக வைத்து அளக்க வேண்டும். அரிஸ்டாட்டில் ‘கவிதை இயல்’ நூலில் கேட்பது ஒரு முழுமையான செயலை. ஒன்றிலிருந்து ஒன்று தவிர்க்கமுடியாமல் பிறக்க வேண்டும். கிளைக்கதைகள் காரணமில்லாமல் அடுத்தடுத்து வந்தால் அதை மிக மட்டமான கதைக்கோப்பு என்கிறார். ‘ஆழி சூழ் உலகு’ 1933இலிருந்து 1985வரை மூன்று தலைமுறைகளினூடே போகிறது. அங்கே சாவுக்கு முன்னறிவிப்பு கிடையாது. விடியலில் கட்டுமரம் தள்ளிப் போனவன் சாயங்காலம் திரும்பவில்லை, அவ்வளவுதான். அரிஸ்டாட்டிலின் கணக்கில் இது குறை. கடல்தொழிலின் கணக்கில் இதுதான் உண்மை. பேராசிரியர் இந்த முரணைத் தொடவே இல்லை. நாயகனின் குற்றம், வீழ்ச்சி, உணர்வு வடிதல் என்று மூன்று சொற்களை நாவலின்மேல் ஒட்டிவிட்டு நகர்ந்தார்.

பெரிய பிழை இதற்கும் அடியில் இருக்கிறது. கடலை ஒரு கருத்தாக மாற்றிவிட்டால் அங்கே வேலை பார்க்கிறவனின் அறிவு வெறும் அலங்காரமாகிவிடுகிறது. சோழக்காற்று, வாடைக்காற்று, நீவாடு (நீரோட்டம்) என்று எந்தச் சொல் வந்தாலும், மண்வாசனை என்று ஒரு பாராட்டைக் கொடுத்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். அவை ஒவ்வொன்றும் ஒரு முடிவை எடுக்க வைக்கிற சொற்கள். எந்தப் பக்கம் பாய் திருப்புவது, வலையை இழுப்பதா விடுவதா, இன்றைக்குக் கரை ஏற முடியுமா முடியாதா என்பதெல்லாம் அவற்றுக்குள் இருக்கிறது. கரையில் தெரியும் கோவில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் மலைமுகட்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீருக்கடியில் பார் (பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். கணியம் என்று அதற்குப் பெயர். இதை ஆறாம் வகுப்பு தாண்டாத ஒருவர் ஆடுகிற மரத்தின்மேல் நின்றுகொண்டு செய்கிறார். இதைத் தத்துவம் என்று ஏற்காத வாசிப்பு, அவர் மூழ்கும்போது மட்டும் அவரைத் தத்துவமாக்குகிறது.

ஹெர்மன் மெல்வில் இதை முன்பே கண்டவர். 1841இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் கூலி வேலைக்குப் போனவர் அவர். பத்தாண்டு கழித்து எழுதிய ‘மோபி டிக்’கில் பாய்மர உச்சியில் காவல் நிற்பதைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. பௌடிச்சின் கடலோட்டக் கையேட்டுக்குப் பதிலாகப் பிளேட்டோவின் ‘ஃபீடோ’வைத் தலையில் சுமந்துவரும் இளைஞர்களை வேலைக்கு எடுக்காதீர்கள் என்று கப்பல் முதலாளிகளை அங்கே எச்சரிக்கிறார். அலையின் தாலாட்டில் தன்னை மறந்து நிற்பவனுக்குத் திமிங்கிலம் கண்ணில் படாது, கால் தவறினால் விழுந்து சாவான். உலகின் மிகப்பெரிய கடல் நாவல் தன்னை எப்படிப் படிக்கக்கூடாது என்று தானே சொல்லிவைத்திருக்கிறது.

கூட்டத்தில் கார்னியடீஸின் பலகையும் பேசப்பட்டது. கப்பல் உடைந்து இருவர் நீந்துகிறார்கள், ஒருவரை மட்டுமே தாங்கும் பலகை ஒன்று மிதக்கிறது, மற்றவனைத் தள்ளிவிடலாமா? கூர்மையான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி கூர்மையாக இருக்க, அந்த இருவரும் யார் யாரோவாக இருக்க வேண்டும். ஆமந்துறைக்காரர்கள் யார் யாரோ அல்ல. ஒரே துறையில் பிறந்து, ஒருவர் வீட்டுச் சாவில் மற்றவர் தோள் கொடுத்து, ஒருவர் கடனில் மற்றவர் பங்கு சுமந்தவர்கள். அவர்கள் ஒருவரையொருவர் பற்றியிருக்கும் பிடியில் ஐம்பது ஆண்டு ஊர்க்கதை இருக்கிறது. நாவல் அத்தனை பக்கம் எழுதப்பட்டிருப்பதே அந்தப் பிடியை நமக்குப் புரியவைக்கத்தான். பலகைப் புதிர் அதை ஒரே வரியில் அழித்துவிடுகிறது.

இது ஊழ், இதுதான் மனித நிலை என்று பேராசிரியர் சொன்னதும் அரங்கம் கைதட்டியது. எனக்கு நெஞ்சு அடைத்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. அந்தச் சாவுகளுக்கு ஊழ் என்று பெயர் வைத்தால் யார் தப்பிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவலத்தின் அழகில் மயங்கும் வாசிப்பு, தெரிந்தோ தெரியாமலோ, பதில் சொல்லவேண்டியவர்களுக்கு வழக்கறிஞராக நிற்கிறது.

கடல் இல்லாத எங்கள் பக்கத்துக்கு இந்த ஆபத்து கூடுதல். இங்கே கடல் என்றால் மேடைப்பேச்சு. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிற எல்லோரும் 1025இல் கடாரம் வென்ற கதையைச் சொல்வார்கள். அந்தக் கலங்களில் துடுப்புப் போட்டவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

ஆனாலும் இதே மண்ணில்தான் கடல் கிடக்கிறது. அரியலூர்ப் பக்கத்து எங்கள் காட்டில் அப்பா கிணறு வெட்டியபோது சுண்ணாம்புக்கல்லோடு வந்த ஒரு கல் என் மேசைமேல் இருக்கிறது. உள்ளங்கை அகலம், சுருண்ட உடம்பு, விரல் வைத்தால் வரிவரியாகத் தட்டுப்படும். அப்பா அதை நத்தை என்றார். அது அம்மோனைட். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்தபோது உயிரோடு நீந்தியது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் இதன் உறவுகள் வரிசையாக இருக்கின்றன. மிச்சம் டிப்பர் லாரிகளில் சிமென்ட் ஆலைக்குப் போகிறது.

கிரேக்கரில் இதைப் பார்த்தவர் ஒருவர் உண்டு. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பிறந்த செனாஃபனீஸ். கடலுக்குத் தொலைவில், மலையில் கிளிஞ்சல்கள் கிடப்பதையும், சிராக்கூஸ் கல்குவாரிகளில் மீனின் பதிவுகள் இருப்பதையும் வைத்து, இந்த நிலம் ஒருகாலத்தில் கடலுக்குள் இருந்தது என்று சொன்னார். அரிஸ்டாட்டிலுக்கும் இன்னொரு முகம் இருந்தது. லெஸ்போஸ் தீவின் உப்பங்கழியில் மீன்களை அறுத்துப் பார்த்தவர், மீனவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டவர். ஒருவகைச் சுறாவின் குட்டி தாயின் வயிற்றில் தொப்புள்கொடியோடு வளர்கிறது என்று அவர் எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் நம்பவில்லை. 1842இல் யோஹன்னஸ் முல்லர் அறுத்துப் பார்த்து உறுதி செய்தார். மீனவனிடம் கேட்ட இந்த அரிஸ்டாட்டிலை எந்தக் கருத்தரங்கிலும் நான் சந்தித்ததில்லை. அவலம் பேசிய அரிஸ்டாட்டிலை மட்டும் கூட்டிவந்து, மீனவக் குடும்பத்துப் பெண்ணின் கேள்வியைத் தள்ளிவிடுகிறோம்.

கூட்டம் முடிந்து புதிய பேருந்து நிலையத்தில் அந்த மாணவியைப் பார்த்தேன். என்னம்மா கேட்க வந்தாய் என்றேன். “வாடைன்னா தண்ணி தெக்க இழுக்கும் சார். பொறப்பட்ட ஊர்ல கரை ஏற முடியாது. அவங்க எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்” என்றாள். பேருந்து வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நாவலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எடுத்தேன், பென்சிலோடு, காற்று வருகிற இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு.