ஃப்ளட்டர்ஷையை யார் கேட்டார்கள்?

கோவை ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் பேரத்துக்கு இடமில்லை. அன்றன்றைக்கு நிர்ணயித்த விலை பலகையில் எழுதியிருக்கும். தக்காளிக்கும் கத்தரிக்கும் அதுதான் விலை. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டம் இடைத்தரகரை விலக்கி விவசாயிக்கும் வாங்குகிறவருக்கும் நியாயம் செய்ய வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை அங்கே பார்ப்பது பலகையைப் படிப்பதையும் காசை நீட்டுவதையும்தான். டி.பி. ரோட்டுக் கடைகளில் அந்தப் பலகையும் கிடையாது; பில்லும் ஸ்கேனும் பையும் மட்டுமே. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவர்களை இன்றைய பிள்ளைகள் சினிமா நகைச்சுவையில்தான் கேட்டிருப்பார்கள்.

பண்டமாற்று இன்னும் உயிரோடு இருப்பது ஸ்கூல் வேனுக்குள். ஒரு கார்டுக்கு இரண்டு ஸ்டிக்கர், வாசனை ரப்பருக்கு ஒரு ஜெல் பேனா. அங்கே பொருளோடு சேர்ந்து சிநேகமும் கைமாறுகிறது. ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால் மறுநாளே 'கா'. பெரியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கவனித்தால், "பிரெண்ட்ஸுக்குள்ள கணக்கு பாக்கக் கூடாது" என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அது போதாது. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது, கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா என்ற கேள்விகளோடுதான் அது வேனை விட்டு இறங்குகிறது.

இந்தக் கேள்விகளை நேராக எடுத்துக்கொண்ட கார்ட்டூன்கள் மிகக் குறைவு. சுட்டி டிவியில் டோராவோடும் புஜ்ஜியோடும் வளர்ந்த தலைமுறைக்கு, "குள்ளநரி திருடக்கூடாது" என்று மூன்று முறை சொல்வது மனப்பாடம். பிறர் பொருளை எடுப்பது தப்பு என்று அது சொல்லிக்கொடுத்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு போதும். எட்டு வயதில் சிக்கல் வேறு. அப்போது யாரும் திருடுவதில்லை. இருவரும் சம்மதித்தே மாற்றிக்கொள்கிறார்கள். பிறகு ஒருத்தி அழுகிறாள். அந்த அழுகையைப் பற்றிப் பேசத் துணிந்ததற்காகவே 'மை லிட்டில் போனி: ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்' தொடரின் 'ட்ரேட் யா' என்ற பகுதியை மதிக்கிறேன். மதிப்பதால்தான் அதைக் கடுமையாக நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2010இல் தொடங்கி 2019 வரை ஒன்பது பருவங்கள் ஓடிய தொடர் அது. இந்தப் பகுதி நான்காம் பருவத்தில், 2014இல் வந்தது. ஆறு குதிரைத் தோழிகள் 'ரெயின்போ ஃபால்ஸ்' என்ற ஊரின் பரிமாற்றச் சந்தைக்குப் போகிறார்கள். ரெயின்போ டேஷுக்கு 'டேரிங் டூ' என்ற சாகசக் கதையின் முதல் பதிப்பு வேண்டும். அவள் கொண்டுவந்த பொருளுக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுக்க வியாபாரி தயாரில்லை. வியாபாரிக்கு வேண்டியது ஆர்த்ரோஸ் என்ற இரட்டைத் தலை நாய். ரெயின்போ டேஷ், தோழி ஃப்ளட்டர்ஷையின் துணையோடு ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கி, அதைக் கொடுத்து இன்னொன்றை வாங்கி, ஒருவழியாக நாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். நாய் பழக்கப்படாதது. வியாபாரி தயங்குகிறாள். விலங்குகளைப் பழக்குவதில் ஃப்ளட்டர்ஷை கெட்டிக்காரி. அவளையே கூட அனுப்புவதாகப் பேரம் முடிகிறது. புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் ரெயின்போ டேஷுக்குத் தான் செய்தது உறைக்கிறது. தோழிகளில் ஒருத்தியான இளவரசி ட்வைலைட்டின் முன் வழக்கு போகிறது. உலகத்தில் எந்தப் பொருளும் ஒரு தோழிக்கு ஈடாகாது, அதனால் இது நியாயமான மாற்று ஆகாது என்று ரெயின்போ டேஷ் கெஞ்சுகிறாள். பேரம் ரத்தாகிறது. தோழிகள் சேர்ந்து ஊர் திரும்புகிறார்கள்.

முதலில் நிறையைச் சொல்கிறேன். ஆசை படிப்படியாக ஏறும் விதத்தை இதைவிடத் தெளிவாகப் பிள்ளைக்குக் காட்ட முடியாது. முதல் மாற்றில் தப்பில்லை, இரண்டாவதிலும் இல்லை. ஒவ்வொரு படியும் அதனளவில் நியாயமாகவே இருக்கிறது. கடைசிப் படியில் கையில் இருப்பது சக உயிர். ரெயின்போ டேஷ் கெட்டவள் இல்லை. கண்ணெல்லாம் புத்தகத்தின் மேல் இருந்தது. பிள்ளைகள் செய்யும் பெரும்பாலான தப்புகள் இந்த வகைதான் என்பதால், வில்லனே இல்லாமல் கதையை நடத்தியது நல்ல எழுத்து.

குறை தீர்ப்பில் இருக்கிறது. தோழிக்கு ஈடான பொருள் இல்லை, ஆகவே மாற்று நியாயமில்லை என்கிறது கதை. இந்த வாதத்தில் ஃப்ளட்டர்ஷை இன்னும் தராசுத் தட்டில்தான் நிற்கிறாள். எதிர்த்தட்டில் வைக்கத் தகுந்த எடை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கிடைத்திருந்தால்? முதல் பதிப்பு மட்டுமல்ல, ஒரு நூலகமே கிடைத்திருந்தால்? திருக்குறளின் 82ஆம் அதிகாரம் 'தீ நட்பு'. அதன் மூன்றாம் குறள் கண்டிப்பது வரும் பயனை எடைபோட்டுப் பார்க்கும் பழக்கத்தை. அப்படிப்பட்ட நட்பை, கொடுப்பவரை விட்டுக் கிடைக்கும் காசையே பார்ப்பவரோடும் கள்வரோடும் ஒரே வரிசையில் வைக்கிறார் வள்ளுவர். எடை சரியா தப்பா என்ற பேச்சே அங்கு எழவில்லை. தராசைத் தூக்கியதே குற்றம். கார்ட்டூனோ தராசைக் கீழே வைக்காமல், முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று மட்டும் சொல்கிறது.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி எளிது: ஃப்ளட்டர்ஷையை யாராவது கேட்டார்களா? அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் உழைப்பைத் தருவதாக இன்னொருத்தி வாக்குக் கொடுத்துவிட்டாள். கன்னபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு காங்கேயம் காளையைப் பார்க்கிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். காளை ஏருக்குப் பழகவில்லையென்றால் விற்கிறவர், "நானே பழக்கித் தர்றனுங்க" என்று சொல்லலாம். அவர் தருவது அவருடைய நாட்களை, அவருடைய உழைப்பை. அதில் தப்பில்லை. பக்கத்தில் நிற்கும் சிநேகிதரைக் காட்டி, "இவரு வந்து பழக்குவாரு" என்று அவரைக் கேட்காமலே சொன்னால், அந்த இடத்திலேயே சிநேகிதம் முறியும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இந்த மண். ஒருவரின் உழைப்பை இன்னொருவர் பேசி முடிப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பண்ணையில் மாடு மேய்த்த பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் ஸ்பின்னிங் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம் பெண்கள் மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை என்பது பேச்சு. பேச்சு பெரும்பாலும் தரகருக்கும் பெற்றவருக்கும் இடையில் நடந்தது. அங்கே, "உன் மகள் இதைவிட மதிப்புள்ளவள், தொகை போதாது" என்று வாதாடினால் யாருக்கு விடுதலை? தொகை கூடியிருக்கும், அவ்வளவுதான். "அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா?" என்பதுதான் கதவைத் திறக்கும் கேள்வி. எட்டு வயதில் அதைக் கற்றுக்கொடுக்கக் கிடைத்த அருமையான இடத்தைக் கதை நழுவவிட்டது எனக்கு வருத்தம்.

தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவளைப் பற்றியும் பேச வேண்டும். ட்வைலைட், ரெயின்போ டேஷின் நெருங்கிய தோழி. வியாபாரியோ வெளியாள், கேட்ட பொருள் வந்தது, ஒப்புக்கொண்டபடி புத்தகத்தைக் கொடுத்தாள், கடைசியில் பேரம் கலைந்து நிற்கிறாள். அச்சாரம் வாங்கிய பிறகு பின்வாங்குகிறவரின் பேர் நம் சந்தைகளில் அன்றோடு கெடும். தனக்கு வேண்டியவருக்காகப் பேசும் தரகருக்கு அடுத்த வாரம் துண்டு நீட்ட ஆளிருக்காது. முறித்த கையோடு ரெயின்போ டேஷ் அந்த வியாபாரிக்கு ஏதாவது ஈடு செய்வதாக ஒரு காட்சி வைத்திருக்கலாம். தோழியை மீட்ட பிறகு அந்நியருக்கும் நியாயம் செய்வது நட்பைச் சிறுமைப்படுத்தாது. நம் வட்டத்துக்குள் மட்டும் நியாயம் என்று பிள்ளை புரிந்துகொண்டால், அது வேனுக்குள் கோஷ்டியாகத்தான் முடியும்.

கதை கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வியும் உண்டு; அதற்குக் காரணம் கதைக்கு வெளியே இருக்கிறது. இந்தத் தொடரை நடத்தியது ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி. 1980களிலிருந்தே குதிரைப் பொம்மைகளை விற்றுவந்தது அது. ஆறு தோழிகளும் கடை அலமாரியில் ஆறு பொம்மைகள். தொடரை உருவாக்கிய லாரன் ஃபாஸ்ட் அந்தப் பொம்மைகளுக்கு ஆளுக்கொரு குணமும் கனமும் கொடுத்தார் என்பது உண்மையான சாதனை. குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கிறேன். ஏற்கெனவே படித்த கதையின் முதல் பதிப்பு எதற்காக வேண்டும் என்று கதையில் யாரும் அழுத்திக் கேட்பதில்லை. சேகரிக்கும் ஆசையை, அபூர்வப் பொருளின் மேலான வெறியை, தொடர் தொடாமல் விடுகிறது.

இத்தனைக்கும் நடுவே அதே பகுதிக்குள் ஒரு சின்னக் கிளைக்கதை இருக்கிறது. மைய வழக்கைவிட அது உயர்ந்தது. மற்ற தோழிகளில் ரேரிட்டியும் ஆப்பிள்ஜாக்கும் தங்களிடம் உள்ளதைச் சேர்த்துப் பொதுவாக ஏதாவது வாங்க நினைக்கிறார்கள். ஒருத்திக்கு நகை மேல் கண், இன்னொருத்திக்குப் பழைய சமையல் தட்டு மேல். சண்டை வருகிறது. முடிவில் இருவரும் தனித்தனியே போய், தனக்கென்று வாங்காமல் மற்றவளுக்கு ஒன்றை வாங்கி வந்து நிற்கிறார்கள். கொடுக்கல் வாங்கலைச் சபிக்காமல், அதையே நட்பின் வழியாக ஆக்கும் காட்சி. ஆத்திர அவசரத்துக்குக் கைமாற்று வாங்குவதும் கல்யாண வீட்டில் மொய் எழுதுவதும் நம் ஊரில் உறவைத் தேய்க்கவில்லை, ஓடவைக்கின்றன. யார் யாருக்கு எதை எழுதினார்கள் என்ற நோட்டு வீட்டில் இருக்கும். அதை வைத்துக்கொண்டே பாசமும் இருக்கும். நட்பில் கணக்கே கூடாது என்ற வெற்று உபதேசத்தைவிட இந்தக் கிளைக்கதை பிள்ளையின் வாழ்க்கைக்கு நெருக்கமானது. இதற்குக் கொடுத்த நேரம்தான் குறைவு.

ஆக, 'ட்ரேட் யா' சரியான முடிவுக்குத் தப்பான வழியில் போய்ச் சேர்ந்த கதை. தோழியை மாற்றுப்பொருளாக்கக் கூடாது என்பது சரி. அவள் விலை அதிகம் என்பது அதற்குக் காரணமாகாது. ஆறு வயதுக்குக் கீழே இதைக் காட்ட அவசரமில்லை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் காட்டுங்கள். ஆனால் தனியாக விட்டுவிடாதீர்கள். பேரம் முடிந்து ரெயின்போ டேஷ் புத்தகத்தைக் கையில் வாங்கும் இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, "ஃப்ளட்டர்ஷையை யாராச்சும் கேட்டாங்களா கண்ணு?" என்று கேளுங்கள். பதிலைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பிள்ளையே சொல்லட்டும்.