குருபக்தியும் குருவின் வரலாறும்

பீட்டர் ஹீஸ் எழுதி, கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்ரீ அரவிந்தரின் வாழ்க்கைகள்' என்னும் ஆங்கில நூலை நாம் மரக்காணத்தில் படித்து முடித்தோம். உப்பளத் தொழிலாளர் நடுவே உள்ள சிறு சபையொன்றில் மூன்று நாள் தங்க நேர்ந்தது. கோடைக்காலத்து உச்சிவேளையில் பாத்திகளின் வெள்ளொளி கண்ணைக் குத்தும். வெளியே நடமாட இயலாது. ஆகவே படிப்பதற்கு நேரம் கிடைத்தது. அவ்வூருக்கு நாம் சென்றதற்கு வேறொரு காரணம் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

இந்நூலைப் படிக்க அக்கடற்கரை பொருத்தமற்ற இடமன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் 1968இல் தொடங்கப்பெற்ற ஆரோவில். அதற்கப்பால் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமம். மரக்காணத்துக் கடைகள் சிலவற்றில்கூட அரவிந்தர் படமும் அன்னையின் படமும் மாலையிட்டுத் தொங்குவதைக் கண்டோம்.

நூலாசிரியர் அமெரிக்கர்; 1971இல் புதுச்சேரிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்; ஆசிரமத்தின் ஆவணக் காப்பகத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். எனவே இவரைப் புறத்தே நின்று கல்லெறியும் பகைவர் எனல் பொருந்தாது. மகன், அறிஞர், புரட்சியாளர், யோகியும் மெய்யியலாரும், வழிகாட்டி என ஐந்து பகுதிகளாக அரவிந்தரின் வாழ்வை இவர் வகுத்துக்கொள்கிறார். மான்செஸ்டரில் ட்ரூவெட் என்னும் காங்கிரிகேஷனல் சபைப் போதகரின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவன், கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் இலத்தீனும் கற்று, 1893இல் பரோடாவுக்குத் திரும்பி, 1908இல் அலிப்பூர் வழக்கில் சிறைப்பட்டு, 1910 ஏப்ரல் 4இல் புதுச்சேரியில் வந்திறங்கிய கதை இது. அரசியல் ஆண்டுகளைப் பற்றிய பகுதியே நூலின் மிகச் சிறந்த பகுதி என்போம். சான்று இல்லாத ஒரு சொல்லும் அங்கு இல்லை.

ஆயினும் நூல் வெளிவந்ததும் பக்தர் பலர் கொதித்தெழுந்தனர். 2008 நவம்பரில் ஒரிசா உயர் நீதிமன்றம் இந்தியப் பதிப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2012இல் ஆசிரியரின் விசா நீட்டிப்பே சிக்கலுக்குள்ளாகி, மத்திய அரசு தலையிட்டபின் தீர்ந்தது. அவர்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை என்ற மனக்குறையோடு ஆசிரம அறக்கட்டளைக்கு எதிராகச் சிலர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2016 சனவரியில் அறக்கட்டளைக்குச் சார்பாக முடிந்தது. குருத்துரோகி என்பதே அவர்மேல் சாட்டப்பட்ட குற்றத்தின் சாரம்.

அக்குற்றச்சாட்டுக்கு விடை நூலின் முன்னுரையிலேயே இருக்கிறது. பக்தர் வீடுகளில் காணப்படும் அரவிந்தரின் புகழ்பெற்ற படமொன்று திருத்தப்பட்ட படம் என்கிறார் ஹீஸ். திருத்தப்படாத படத்தை அவர் பின்னரே கண்டார். அதில் அம்மைத் தழும்புகள் தெரிந்தன. முகத்தில் நிழலும் இருந்தது. படத்தைத் திருத்துவோர் முகத்துக்குச் செய்வதையே பக்தி வரலாறு எழுதுவோர் ஆவணங்களுக்குச் செய்கின்றனர் என்பது அவர் கருத்து. இக்கருத்து நம்மை உறக்கத்திலிருந்து எழுப்பியது என்றே சொல்ல வேண்டும்.

குருவானவர் திருத்தப்பட்ட படத்தை விரும்பினாரா? அரவிந்தர் தம் வாழ்வு மேற்பரப்பில் நிகழ்ந்ததன்று என்று கூறி, வரலாறு எழுத முயன்றோரைத் தயங்கச் செய்தவர். எனினும் அவர்கள் எழுதியவை தம்மிடம் வந்தபோது பிழைகளைத் தாமே திருத்தினார். சந்திரநாகூருக்குப் புறப்படுமுன் சாரதா தேவியிடம் ஆசி பெற்றார் என்று பரவிய செய்தி பக்திக்கு உகந்ததுதான். நடக்கவில்லை என்று மறுத்தவர் அரவிந்தரே. அவருக்கும் ஒரு வழிகாட்டி இருந்தார். 1908இன் தொடக்கத்தில் பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லெலே என்னும் மராட்டிய யோகியிடம் அவர் தியானம் பயின்றார். உள்ளிருக்கும் வழிகாட்டியையே நம்பும்படி அவரை விட்டுச் சென்றவரும் லெலேதான். பின்னர்க் கல்கத்தாவில் சந்தித்தபோது, குறித்த வேளைத் தியானத்தைச் சீடர் கைவிட்டதைக் கேட்டு, பேய் பிடித்துவிட்டது என்று லெலே அஞ்சினார். சீடர் திரும்பிச் செல்லவில்லை. ஆனால் தாம் பெற்றதை இறுதிவரை நன்றியோடு ஒப்புக்கொண்டார். இது துரோகமா, பற்றுறுதியா?

இவ்வினா கிரேக்கரிடத்தும் எழுந்ததே. கி.பி. 270இல் மறைந்த புளோட்டினஸ் ஓவியருக்கு முன் அமர மறுத்தார். அமேலியஸ் என்னும் சீடர், கார்த்தேரியஸ் என்ற ஓவியரை வகுப்புக்கு வரச் செய்து, நினைவிலிருந்தே குருவுக்குத் தெரியாமல் படம் வரைவித்தார். இதை நமக்குச் சொல்பவர் போர்பிரி; கிறிஸ்தவர்களை எதிர்த்து எழுதிய அதே போர்பிரி! குருவின் எழுத்துப்பிழைகள், மங்கிய பார்வை, குடல்நோய், இறுதி நோயில் நண்பர் அவரை அணுகாது விலகியது ஆகிய எதையும் அவர் மறைக்கவில்லை. அவரது குருபக்தியை யாரும் ஐயுற்றதில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப்பின் மரீனஸ் தம் குரு புரோக்ளஸின் வரலாற்றை எழுதினார். 485இல் இறந்த புரோக்ளஸ், தம் ஆசிரியர் சிரியானஸின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டவர். அத்துணை பற்றுள்ளவரின் வரலாறு, நற்பண்புகளைப் படிப்படியாக அடுக்கிய புகழுரையாகவே அமைந்தது. படித்து முடித்தபின் புரோக்ளஸ் எப்படிச் சினந்திருப்பார் என்று நமக்குத் தெரியாது. பழைய தெய்வங்களை மீண்டும் வணங்கி, 2017இல் கிரேக்க அரசின் ஏற்பையும் பெற்றுள்ள இக்கால கிரேக்கச் சமயத்தார்க்கும் இவ்விரு மாதிரிகளே முன்நிற்கின்றன. அவர்கள் எதைத் தெரிந்துகொள்வர் என்பது அவர்கள் பாடு. டிராய் நகரின் வீழ்ச்சியை 'இலியன்' என்னும் முற்றுப்பெறாக் காப்பியமாகப் பாடி, ஒலிம்பஸின் தெய்வங்களை அதில் பேசவைத்த அரவிந்தர், இவ்விருவருள் போர்பிரியைத்தான் விரும்பியிருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஹீஸிடம் குறை இல்லாமலில்லை. அரவிந்தரின் நாடகங்களையும் பாடல்களையும் பற்றிய அவர் தீர்ப்புகள் அவசரமானவை. யோக அனுபவத்தை மனநோய் என ஐயுறலாமோ என்னும் வினாவை எழுப்பி, அரவிந்தரின் அசையாத அமைதியைச் சான்றாகக் காட்டி அதை விலக்குகிறார்; ஆனால் அவ்வினாவை எந்த அளவுகோலால் கேட்கிறார் என்பதை ஆராயவில்லை. பக்தர் புண்பட்டதை நாம் எள்ளி நகையாடோம். அவர்களுக்கு அரவிந்தர் 1950இல் மறைந்த வரலாற்று மாந்தர் அல்லர். இன்றும் சமாதியருகே உடனிருப்பவர். தாயின் முகத்தழும்பை அயலார் எண்ணிக் காட்டினால் எந்தப் பிள்ளைக்கும் நோகும்.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தைத் திருத்தும்போது மறைவது தழும்பு மட்டுமன்று. குருவின் அருகே நின்றவர்களும் மறைகின்றனர். 1901இல் அரவிந்தரை மணந்த மிருணாளினி தேவி, கணவரோடு வாழ்ந்த நாட்கள் சில. பிரிந்திருந்த நாட்களே பல. புதுச்சேரிக்கு வந்து சேராமலேயே 1918 டிசம்பரில் நச்சுக்காய்ச்சலால் கல்கத்தாவில் இறந்தார். புகழ் வரலாறுகள் அவரை ஓரிரு வரிகளில் கடந்துவிடும். ஹீஸின் நூலில் அவர் ஒரு பெண்ணாக நிற்கிறார். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்ததைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபம் மறைத்திருந்தால், பந்தியில் தனியே விடப்பட்ட புறவினத்தாரை நாம் அறிந்திருப்போமா?

இனி, நாம் மரக்காணம் சென்ற காரணம். எம் ஆசிரியர் மறைந்தபின் அவரது நினைவு மலரை எழுதும் பொறுப்பு நமக்கு அளிக்கப்பட்டது. பல்லாண்டுகளுக்கு முன், பண்டிகைக் காணிக்கையில் கணக்குத் தவறியதென்று அவர் அவ்வூர் உபதேசியார் ஒருவரை வேலையினின்று நீக்கினார். மூன்றாண்டு கழித்து உண்மை தெரிந்ததும், தம் கைப்பட மன்னிப்புக் கேட்டு எழுதினார். அக்கடிதத்தை உபதேசியாரின் மகளிடமிருந்து நாம் வாங்கி வந்தோம். எழுதும்போது கை கூசியது. ஆசிரியரின் நற்பெயர் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு அதை விட்டுவிட்டோம். அச்சான மலர்களைச் சபைக்கு வழங்கவே இம்முறை சென்றோம்.

அம்மையார் இளமை முதல் உப்பளத்தில் கூலிவேலை செய்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். முதல்நாள் மாலை மலரைப் பெற்றுக்கொண்டு, மறுநாள் காலை ஆராதனைக்குப்பின் நம்மிடம் வந்தார். "ஐயா, பெரிய ஐயா எங்கப்பாவுக்கு எழுதின கடுதாசிய வாங்கிக்கிட்டுப் போனீங்களே, அது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார். ஹீஸின் நூலில் பாதியை அதற்குள் நாம் படித்திருந்தோம். விடை சொல்ல இயலவில்லை.

இரண்டாம் பதிப்புக்கு வேண்டிய திருத்தங்களை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். மலர்க்குழுவில் இருவர் அக்கடிதம் வேண்டாம் என்கின்றனர். ஆசிரியர்மேல் நமக்குள்ள அன்பையும் அவர்கள் ஐயுறத் தொடங்கியுள்ளனர். கடிதம் நம் மேசைமேல் இருக்கிறது. அம்மையாரிடம் அதை இன்னும் திருப்பித் தரவில்லை.