கோடுகள் கைவிடும் நிலம்

மலையை வரைபடமாக்குவதைவிடச் சமநிலத்தை வரைபடமாக்குவதே கடினம் என்பேன். 1800இல் தொடங்கிய இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடுகின்றன. கண்டித் தாளில் நெருக்கியடித்து நிற்கும் அவை, மூதூர்ப் பக்கம் வந்தால் ஏறக்குறையக் காணாமற்போகும். 335 கிலோமீட்டர் ஓடிவரும் மகாவலி, வெருகலாறாக ஒரு கிளையைப் பிரித்துவிட்டுக் கொட்டியாரக் குடாவில் கலக்கும் வண்டல் நிலம் அது. அங்கே ஒரு மீட்டர் மேடே வீட்டையும் வெள்ளத்தையும் பிரித்துவிடும். கோடு கைவிட்ட இடத்தில் வரைபவரின் நிதானம் வேலைசெய்கிறது: சதுப்புக் குறி, வில்லு எனப்படும் ஆற்றோர வெள்ளத் தாழ்நிலம், குளக்கட்டு, வயல், கண்டல். உயரத்தைச் சொல்லாமலே தாழ்வைச் சொல்லிவிடுகிற கலை இது.

செயற்கைக்கோள் படம் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். அது எடுத்த நாளின் தண்ணீரைத்தான் காட்டும். மார்கழியில் விரிந்து ஆடியில் சுருங்கும் நிலத்துக்கு அது போதாது. பல படங்களை அடுக்கலாம்தான்; அப்போதும் எது குளம், எது வெள்ளம் என்று யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். ஊர்ப்பெயரோ எந்தப் படத்திலும் விழாது. நடந்துபோய்க் கேட்டால்தான் உண்டு. மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவிலான பழைய தாள்கள் வெள்ளையர் ஆட்சிக்காக வரையப்பட்டவை என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் குளக்கட்டைத் தப்பான பக்கம் போட்டால் ஆள்பவருக்கும் அந்தத் தாளால் பயனில்லை. அந்தக் கண்டிப்பில்தான் அதன் அழகும் இருக்கிறது.